கயிற்றில் 14 சென்டிமீட்டர்: ஒரு பழைய சாகசக் கதையை வைத்துப் பிள்ளைகளுக்குப் புவி அறிவியல்

பூமியின் மையத்துக்குப் போகும் கதை என்று பெயர் வாங்கிய அந்த நாவலில், கடைசிப் பக்கம்வரை யாருமே பூமியின் மையத்துக்குப் போவதில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1864இல் வெளியிட்ட ‘பூமியின் மையத்துக்கு ஒரு பயணம்’ நாவலைத்தான் சொல்கிறேன். ஐஸ்லாந்தின் எரிமலை வாய் ஒன்றில் இறங்கும் மூவர், பூமிக்குள் இருக்கும் பாதாளக் கடலின் கரையில் நிற்கும்போது தாங்களே கணக்குப் போட்டுச் சொல்லும் ஆழம் 35 லீக். நம் கணக்கில் சுமார் 140 கிலோமீட்டர். மையம் இருப்பதோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு 6 மீட்டர் 37 சென்டிமீட்டர் நீளக் கயிற்றை மொட்டை மாடியில் நீட்டிப் போட்டால், அந்தக் கரை 14ஆவது சென்டிமீட்டரில் வந்துவிடும்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் இந்தக் கதையைப் படித்துக்காட்டி, கூடவே புவி அறிவியல் சொல்லித்தந்து வருகிறேன். 9 வயதிலிருந்து 13 வயது வரையான பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. எட்டு அல்லது பத்து வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும்.

தொடங்குமுன் ஒன்று. இந்தக் கதையில் அறிவியல் பல இடங்களில் தவறு. வெர்ன் எழுதிய காலத்தில் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனாலேயே இது பாடம் நடத்த உகந்த கதை என்று நம்புகிறேன். பாடநூலில் புவிமேலோடு, கவசம், புவிக்கரு என்று மூன்று நிறத்தில் படம் போட்டு, மனப்பாடம் செய் என்று விட்டுவிடுகிறார்கள். ‘யாருமே உள்ளே போனதில்லையே, அப்புறம் எப்படித் தெரிந்தது?’ என்ற கேள்வி பிள்ளைக்கு வருவதே இல்லை. கதை அந்தக் கேள்வியை வாரா வாரம் கேட்க வைக்கும்.

எந்தப் பதிப்பு, எப்படிப் படிப்பது

நூலுக்குக் காப்புரிமை காலம் முடிந்துவிட்டதால் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை. 1871இல் வந்த ஆங்கிலப் பதிப்பு ஒன்று மூலத்தில் நிறைய கை வைத்திருக்கிறது. பேராசிரியரின் பெயர் ‘ஹார்ட்விக்’ என்றும் பையனின் பெயர் ‘ஹாரி’ என்றும் இருந்தால் அது அந்தப் பதிப்புதான், தவிர்த்துவிடுங்கள். பேராசிரியர் லிடன்புரோக், பையன் ஆக்செல், வழிகாட்டி ஹான்ஸ் என்று இருக்கும் பதிப்பை எடுங்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கடினமென்றால் நீங்கள் முதலில் படித்துவிட்டுத் தமிழில் கதையாகச் சொல்லலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். லிடன்புரோக், ஆக்செலுக்குப் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்று பிள்ளைகள் உடனே கேட்பார்கள். பிரெஞ்சில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நான் ‘மாமா’ என்று வைத்துக்கொண்டேன்.

தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் நடக்கும் அத்தியாயங்கள் மெதுவாக நகரும், அவற்றைச் சுருக்கிச் சொல்லிவிடுங்கள். எரிமலை வாய்க்குள் இறங்கிய பிறகு ஒரு வரிகூட விடாதீர்கள். பின்பகுதியில் ஒரு மனித உடலைப் பார்த்துப் பேராசிரியர் முகத்தின் கோணத்தை அளந்து இனம் பிரித்துப் பேசும் இடம் வரும். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் அறிவியல் என்று நம்பிய பொய் அது. சிறு பிள்ளைகளிடம் தாண்டிவிடலாம். பெரிய பிள்ளைகளிடம் அது ஏன் பொய் என்று பேசியே ஆக வேண்டும்.

நோட்டில் மூன்று பத்தி

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு. பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடச் சொல்லுங்கள். முதல் பத்தியில் ‘கதை என்ன சொல்கிறது’, இரண்டாவதில் ‘இன்று என்ன தெரியும்’, மூன்றாவதில் ‘எப்படித் தெரிந்தது’. மூன்றாவது பத்திதான் உயிர். அது காலியாக இருந்தால் இரண்டாவதை நிரப்ப விடாதீர்கள். ‘மாமா, புக்குல போட்டிருக்கு’ என்பது அந்தப் பத்திக்கு விடை ஆகாது.

இன்னொரு விதி உங்களுக்கு. கதை ஓடும்போது குறுக்கே புகுந்து திருத்தாதீர்கள். காளான் காட்டுக்குள் பிள்ளை வாய் பிளந்து நடந்துகொண்டிருக்கும்போது ‘இதெல்லாம் நடக்காது’ என்றால் கதையும் போகும், பாடமும் போகும். படித்து முடித்து, தண்ணீர் குடித்து, நோட்டைத் திறந்த பிறகு பேசுங்கள்.

முதல் வாரம்: ரகசியத் தாள்

பழைய ஐஸ்லாந்து நூல் ஒன்றிலிருந்து ஒரு தோல் தாள் விழுகிறது. அதில் ரூன் எனப்படும் பழைய வட ஐரோப்பிய எழுத்தில் ஒரு மறைகுறிப்பு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆர்னே சாக்னுசெம் என்ற அறிஞர் எழுதியது என்பது கதை. எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டு, வாக்கியத்தையும் தலைகீழாகத் திருப்பி வைத்திருப்பார். அதை ஆக்செல் தற்செயலாகக் கண்டுபிடிப்பான்.

நீங்களும் ஒரு தாள் தயாரியுங்கள். தமிழில் செய்யும்போது உயிர்மெய்யை உடைக்காமல் முழு எழுத்தாகவே திருப்ப வேண்டும். ‘மலை’யைத் திருப்பினால் ‘லைம’. தாளின் ஓரத்தைத் தேநீரில் நனைத்துக் காயவைத்தால் பழசாகத் தெரியும். உங்கள் வாக்கியத்தில் அடுத்த வாரம் கொண்டுவர வேண்டிய பொருளை எழுதிவையுங்கள்: கயிறு, அளவு நாடா, நாலு நிற ரிப்பன். இந்த வாரம் அறிவியல் அவ்வளவாக வேண்டாம். உலகப்படத்தில் ஐஸ்லாந்தையும் அதன் மேற்கு முனையில், இந்த வாய்க்குள் இறங்கு என்று அந்தத் தாள் சொல்லும் ஸ்னேஃபெல்ஸ் எரிமலையையும் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள். அந்த மலை உண்மையாகவே இருக்கிறது. 1,446 மீட்டர் உயரம், உச்சியில் பனிப்பாறை, கடைசியாக வெடித்துச் சுமார் 1,800 ஆண்டுகள் ஆகின்றன. கதையில் வரும் மலை நிஜம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்ப்பீர்கள்.

இரண்டாம் வாரம்: கயிறு

கயிற்றின் ஒரு முனை தரை, மறு முனை பூமியின் மையம். தரை முனையிலிருந்து அளந்து ரிப்பன் கட்டச் சொல்லுங்கள். கண்டங்களுக்கு அடியில் புவிமேலோடு சராசரியாக 35 கிலோமீட்டர், அதாவது மூன்றரை சென்டிமீட்டர். கடலுக்கு அடியில் வெறும் 7 மில்லிமீட்டர். கவசம் முடிந்து புவிக்கரு தொடங்குவது 2 மீட்டர் 89 சென்டிமீட்டரில். திரவமான வெளிக்கரு முடிந்து திடமான உட்கரு தொடங்குவது 5 மீட்டர் 15 சென்டிமீட்டரில்.

பிறகு கேளுங்கள்: மனிதன் எதுவரை தோண்டியிருக்கிறான்? பிள்ளைகள் ஓடிப்போய்க் கயிற்றின் நடுவில் நிற்பார்கள். சோவியத் ஒன்றியத்தில் கோலா என்ற இடத்தில் 1970இல் துளையிடத் தொடங்கி 1989இல் தொட்ட ஆழம் 12,262 மீட்டர். கயிற்றில் 12 மில்லிமீட்டர். ஒரு விரல் நகத்தின் அகலம். பேனாவால் புள்ளி வையுங்கள். பக்கத்தில் இன்னொரு புள்ளி, 3 மில்லிமீட்டரைத் தாண்டி: கோலார் தங்கவயல். சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம்வரை போன அந்தச் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழ்க் குடும்பங்கள். 2001இல் மூடப்பட்டது. உங்கள் ஊரில் அங்கே வேலை பார்த்த தாத்தா யாராவது இருந்தால், அந்த வாரம் அவரைக் கூட்டிவந்து உட்கார வையுங்கள். நான் சொல்லும் எதையும்விட அவர் சொல்வது பிள்ளைகளுக்கு நிற்கும்.

கயிற்றைச் சுருட்டி வையுங்கள். கடைசிவரை வேண்டும்.

மூன்றாம் வாரம்: சூட்டைப் பற்றிய சண்டை

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மாமாவும் மருமகனும் போடும் இந்த வாக்குவாதம். கீழே போகப் போக வெப்பம் ஏறிக்கொண்டே போகும், மையத்தில் எல்லாம் ஆவியாகிவிடும், போக முடியாது என்கிறான் ஆக்செல். அதெல்லாம் வெறும் ஊகம், வெப்பம் ஒரே அளவில் ஏறிக்கொண்டே போக முடியாது என்கிறார் பேராசிரியர். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து இந்தச் சண்டையை நடத்துங்கள்.

ஆக்செல் அணிக்கு ஒரு கணக்கு. நிலத்துக்குள் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. 25ஐ 6,371ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 1,59,275 டிகிரி வரும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். அப்படியானால் பூமி எப்படி இன்னும் உருண்டையாக இருக்கிறது?

உண்மையில் மையத்தின் வெப்பம் 5,000 முதல் 6,000 டிகிரிக்குள் இருக்கும் என்று கணிக்கிறார்கள். மேலோட்டில் வேகமாக ஏறும் வெப்பம் கவசத்துக்குள் மிக மெதுவாகத்தான் ஏறுகிறது. கவசப் பாறை திடமாக இருந்தாலும் லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல மேலும் கீழும் புரண்டுகொண்டிருக்கிறது. கொதிக்கும் சாம்பாரில் பருப்பு கீழிருந்து மேலே வந்து மறுபடி இறங்குவதுபோல. அந்தப் புரளல் வெப்பத்தைக் கலக்கிவிடுகிறது. ஆக, உள்ளே சுடும் என்ற ஆக்செலும் சரி, ஒரே அளவில் ஏறாது என்ற பேராசிரியரும் சரி. இருவரும் பாதிப் பாதி சரியாக இருக்கலாம் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி. இரண்டு அணிக்கும் அன்று மிட்டாய் உண்டு.

யாராவது ஒரு பிள்ளை கோலாவுக்குக் கணக்குப் போட்டு, 300 டிகிரி வர வேண்டுமே என்று கேட்கும். கேட்டால் கொண்டாடுங்கள். கோலாவின் அடியில் அளந்தது 180 டிகிரி. எதிர்பார்த்தது 100 டிகிரி அளவில்தான். அங்கே பாறை மிகப் பழையது, குளிர்ந்துபோனது, அதனால் ஏற்றம் குறைவு. இடத்துக்கு இடம் இது மாறும். ஐஸ்லாந்தில் பல மடங்கு அதிகம். அந்த நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகள் நிலத்தடி வெந்நீரால்தான் கதகதப்பாகின்றன. பேராசிரியர் இறங்குவதற்குத் தேர்ந்தெடுத்தது உலகத்திலேயே சூடான இடங்களில் ஒன்றை.

நான்காம் வாரம்: பழைய பேப்பர் அடுக்கு

முதல் சுரங்கவழி தவறாகப் போகிறது. ஆக்செல் சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். முதலில் ட்ரைலோபைட் என்ற பழங்காலக் கடல் உயிரினத்தின் புதைபடிவங்கள், பிறகு மீன்கள், பிறகு நிலக்கரி. கீழே போகிறோம் என்று நினைத்தால், பாறையோ இளையதாகிக்கொண்டே வருகிறது. வழி தப்பு என்று பாறை சொல்கிறது. மாமா கேட்க மாட்டேன் என்கிறார்.

வீட்டில் பழைய பேப்பர் கடைக்குப் போடச் சேர்த்துவைத்த செய்தித்தாள் கட்டு இருக்குமே, அதை எடுங்கள். அடியில் போன மாதம், மேலே நேற்று. தேதியைப் பார்க்காமலே எது பழையது என்று சொல்லிவிடலாம். படிவுப் பாறையும் அப்படித்தான். இப்போது கட்டைச் சாய்த்து வையுங்கள். ஒரு பொம்மையை அதன் பக்கவாட்டில், மேசைக்கு இணையாக நேராக நடத்துங்கள். ஏறாமலே இறங்காமலே போன மாதத்திலிருந்து நேற்றுக்கு வந்துவிடும். ஆக்செலுக்கு நடந்தது இதுதான். நான் படம் வரைந்து விளக்கியபோது புரியாதது, கட்டைச் சாய்த்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிந்துவிட்டது.

நிலக்கரி என்றதும் நெய்வேலி வரும். கதையில் வரும் நிலக்கரி கார்பானிஃபெரஸ் காலத்தது, 30 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அதைவிட மிகவும் இளையது, அதனால்தான் இன்னும் கருக்காமல் பழுப்பாக இருக்கிறது என்று சொல்லலாம்.

முடிந்தால் ஒரு நாள் பயணமாக விழுப்புரம் மாவட்டத்தின் திருவக்கரைக்குக் கூட்டிப்போங்கள். சுமார் 2 கோடி ஆண்டு பழைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பட்டையின் வரிகள்கூடத் தெரியும், தட்டினால் கல். அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக்கூடாது என்பதைப் பேருந்தில் ஏறும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம், ஆறாம் வாரம்: குரல், தேங்காய், முட்டை

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று ஆனாலும் பரவாயில்லை.

தாகத்தால் சாகக் கிடக்கும்போது ஹான்ஸ் பாறைச் சுவரில் காதை வைத்துத் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்கிறான். கடப்பாறையால் குத்தியதும் கொதிநீர் பீறிடுகிறது. அடுத்து ஆக்செல் தனியாகத் தொலைந்துபோகிறான். இருட்டில் பாறையில் சாய்ந்திருக்கும்போது எங்கோ இருக்கும் மாமாவின் குரல் கேட்கிறது. கூப்பிட்டதற்கும் பதில் வருவதற்குமான இடைவெளி 40 வினாடி. போக 20, வர 20. ஒலியின் வேகம் வினாடிக்கு 1,020 அடி என்று வைத்து, 20,400 அடி தொலைவு என்று கணக்கிடுகிறார்கள். அது பழைய பிரெஞ்சு அடி. மாற்றிப் பார்த்தால் வினாடிக்கு 331 மீட்டர் வருகிறது, 0 டிகிரி காற்றில் ஒலியின் வேகம் அதேதான். வெர்ன் எத்தனை கவனமாக எழுதியிருக்கிறார் என்று எனக்கு அன்று வியப்பாக இருந்தது.

கவனியுங்கள். இரண்டு இடத்திலும் கண்ணால் பார்க்க முடியாததைக் காதால் கண்டுபிடிக்கிறார்கள். பூமியின் உள்ளே இருப்பதை மனிதர்கள் கண்டுபிடித்ததும் இதே வழியில்தான். மூன்றாவது பத்திக்கு விடை இங்கே கிடைக்கிறது.

முதலில் தேங்காய். உடைக்காமல் உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அம்மா என்ன செய்வார்? காதருகே வைத்து ஆட்டுவார். அடுத்து முட்டை. ஒன்று வேகவைத்தது, ஒன்று பச்சை. இரண்டையும் தட்டில் சுழற்றுங்கள். வெந்தது பம்பரம்போலச் சுற்றும், பச்சை தள்ளாடும். சுற்றும்போது விரலால் ஒரு நொடி தொட்டு நிறுத்தி எடுத்துவிட்டால் வெந்தது அப்படியே நிற்கும், பச்சை மறுபடி சுற்றத் தொடங்கும். உள்ளே திரவம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால். ஓட்டை உடைக்காமலே உள்ளே திரவம் என்று தெரிந்துவிட்டதே!

பூமியை யார் ஆட்டுவது? நிலநடுக்கம் ஆட்டுகிறது. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இது திடப்பொருள். ஓரத்தில் நிற்கும் பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையை நோக்கி மெதுவாகத் தள்ளினால் தள்ளல் வரிசை முழுவதும் போகும். இது முதன்மை அலை. அடுத்து அந்தப் பிள்ளை முன்னும் பின்னும் குனிந்து நிமிரட்டும். அசைவு ஒவ்வொருவராகப் பரவும். இது இரண்டாம் அலை, மெதுவாகப் போகும். இப்போது கைகளை எடுத்துவிட்டு நெருங்கி நிற்கச் சொல்லுங்கள். இது திரவம். தள்ளினால் இன்னும் போகும். குனிந்தாலோ, குனிந்த பிள்ளை மட்டும்தான் குனியும். இரண்டாம் அலை திரவத்தில் போகாது. எங்கேயோ நிலநடுக்கம் வந்து, உலகத்தின் மறுபக்கத்தில் இரண்டாம் அலை வந்து சேரவே இல்லையென்றால், நடுவில் திரவம் இருக்கிறது என்று பொருள்.

இதற்குப் பின்னால் இருக்கும் மனிதர்களையும் சொல்லுங்கள். 1897இல் அசாமில் பெரிய நிலநடுக்கம் வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஓல்டாம் அதன் பதிவுகளை ஆராய்ந்துதான் இந்த அலைகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். 1906இல் பூமிக்கு ஒரு கரு உண்டு என்று காட்டியவரும் அவரே.

அப்புறம் இங்கெ லேமன். டென்மார்க்கைச் சேர்ந்த பெண். கதையில் ஆக்செலின் உயரப் பயத்தைப் போக்க மாமா அவனைக் கோபன்ஹேகனில் ஒரு தேவாலயக் கோபுரத்தின் சுழல்படியில் ஏற்றுவாரே, அந்த ஊர்தான் லேமனுக்கும். 1929இல் நியூசிலாந்தில் வந்த நிலநடுக்கத்தின் அலைகள், வரக்கூடாத இடங்களில் இருந்த கருவிகளில் லேசாகப் பதிவாகியிருந்தன. கணினி இல்லாத காலம். அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் டப்பாக்களில் அடுக்கிவைத்துக் கணக்குப் போட்டார். திரவக் கருவுக்குள்ளே இன்னொரு கரு இருந்து அலைகளைத் திருப்பிவிட்டால்தான் இது நடக்கும் என்று 1936இல் அறிவித்தார். 104 வயதுவரை வாழ்ந்தார். கதையின் பேராசிரியர் போக ஆசைப்பட்டுப் போகாத இடத்தை, ஊரைவிட்டு நகராமல் கண்டுபிடித்தவர் அவர். இந்த வாரம் நோட்டில் அவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

அவ்வளவு சூட்டில் உட்கரு ஏன் உருகவில்லை என்று கேட்பார்கள். பிரஷர் குக்கரைச் சொல்லுங்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் திரவமாகவே இருக்கிறது. மையத்தில் இருக்கும் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப்போல 36 லட்சம் மடங்கு. இரும்பு உருக வழியில்லாமல் திடமாகவே நெரிந்து கிடக்கிறது. குக்கரைப் பிள்ளைகளிடம் செய்து காட்ட வேண்டாம், பேசினால் போதும்.

ஏழாம் வாரம்: பாதாளக் கடல்

இக்தியோசர், பிளீசியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வன இரண்டும் சண்டை போடும் அத்தியாயத்தைக் குரலை ஏற்றி இறக்கி முழுதாகப் படியுங்கள். முடிந்ததும் காலக்கோடு வரையலாம். இக்தியோசர்கள் அழிந்து சுமார் 9 கோடி ஆண்டுகள், பிளீசியோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள். கதையில் கொஞ்ச தூரத்திலேயே மாமத யானையின் உறவான மாஸ்டோடான்களும் மனிதனும் வருவார்கள். இத்தனை காலங்களை ஒரே கடற்கரையில் வெர்ன் கூட்டிவைத்திருக்கிறார் என்பது கோட்டைப் பார்த்ததும் தெரியும்.

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங் என்ற சிறுமி, அண்ணன் மண்டையோட்டைக் கண்டெடுத்த இக்தியோசரின் மீதி எலும்புகளை 1812இல் வெளிக்கொண்டுவந்தார். அப்போது வயது 12 அல்லது 13. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயது. 1823இல் முழு பிளீசியோசரையும் கண்டுபிடித்தவர் அவர். நம் பக்கம் அரியலூர், திருச்சி வட்டாரத்துப் பாறைகளிலும் இக்தியோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அந்த வறண்ட செம்மண் நிலம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தது. அரியலூரில் உறவுக்காரர் இருக்கும் பிள்ளை அன்று முழுக்கப் பெருமையாக உட்கார்ந்திருக்கும்.

எட்டாம் வாரம்: ஏமாற்றிய திசைகாட்டி

கடலில் புயல். தெப்பத்தின்மேல் ஒரு நெருப்புப் பந்து உருண்டு வருகிறது. அதன் பிறகு திசைகாட்டி வடக்கைத் தெற்கு என்று காட்டத் தொடங்கிவிடும். ஆனால் நாவலின் கடைசியில்தான் அது தெரியவரும், அதுவரை நீங்களும் மூச்சு விடாதீர்கள்.

இந்த வாரம் தையல் ஊசியைக் காந்தத்தால் ஒரே திசையில் முப்பது நாற்பது முறை தேய்த்து, தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சிறு இலைமேல் மிதக்கவிடுங்கள். வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். பிறகு ஊசியை எடுத்து எதிர்த்திசையில் தேய்க்கச் சொல்லுங்கள். முனை மாறிவிடும். காரணம் சொல்லாதீர்கள். நாவல் முடியும்போது ஒரு பிள்ளையாவது ‘ஊசி!’ என்று கத்தும்.

பூமி ஏன் காந்தமாக இருக்கிறது என்பதற்குக் கயிற்றை எடுங்கள். 2 மீட்டர் 89இலிருந்து 5 மீட்டர் 15 வரை, அந்தத் திரவ இரும்பு சுழன்று ஓடுவதால் காந்தப்புலம் பிறக்கிறது. அந்தப் புலமே பூமியின் வரலாற்றில் பலமுறை தலைகீழாகப் புரண்டிருக்கிறது. கடைசியாக ஏறக்குறைய 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதற்குச் சற்று முன்பு என்றால் ஆக்செலின் திசைகாட்டி எந்தப் புயலும் இல்லாமலே தெற்கைக் காட்டியிருக்கும்.

கடைசி வாரம்: ஸ்ட்ராம்போலி

ஐஸ்லாந்தில் இறங்கியவர்கள் இத்தாலியின் ஸ்ட்ராம்போலி எரிமலை வழியாக வெளியே துப்பப்படுகிறார்கள். லாவாவின் வெப்பம் 1,000 டிகிரிக்கு மேல், அவர்கள் ஏறிவந்த மரத்தெப்பம் கதையில் மட்டும்தான் தப்பும். இரண்டு மலைகளுக்கும் இடையே குழாயும் கிடையாது. ஸ்னேஃபெல்ஸும் ஸ்ட்ராம்போலியும் வேறு வேறு காரணத்தால் பிறந்தவை. ஐஸ்லாந்தில் இரண்டு புவித்தட்டுகள் ஆண்டுக்கு சுமார் 2 சென்டிமீட்டர் விலகுகின்றன. விலகும் இடத்தில் அடியிலுள்ள பாறையின் அழுத்தம் குறைந்து உருகுகிறது. குக்கரை மறுபடி நினைவுபடுத்துங்கள். கதை நடப்பது 1863இல். அன்றிலிருந்து இன்றுவரை ஐஸ்லாந்து எவ்வளவு அகலமாகியிருக்கும் என்று கணக்குப் போடச் சொன்னால் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். தரையில் சாக்பீஸால் அளந்து போடுங்கள். கதைக்குச் சரியாக 100 ஆண்டு கழித்து, 1963இல், ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலுக்குள்ளிருந்து சுர்ட்சே என்ற புதிய தீவு எரிமலையாக எழுந்தது. ஸ்ட்ராம்போலியின் கதை வேறு: அங்கே ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் செருகிப் போகிறது.

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றி நுரை தள்ளும் ‘எரிமலை’யை நான் செய்வதில்லை. பார்க்க அழகு, ஆனால் எரிமலை அப்படி வேலை செய்வதில்லை, பிள்ளை தவறான காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு கோலி சோடாவோ வேறு எந்த சோடா பாட்டிலோ போதும். மூடியிருக்கும்போது குமிழி இல்லை. திறந்ததும் அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு குமிழியாகப் பொங்குகிறது. பாறைக்குழம்பு மேலே வரும்போது அதே காரணத்தால்தான் வெடித்துச் சிதறுகிறது. சோதனை முடிந்ததும் குடித்தும் விடலாம்.

நாவல் முடிந்த பிறகு கயிற்றைப் பரணில் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதை மாடிப்படிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். செய்தியில் எங்காவது நிலநடுக்கம் என்று வந்தால் ஆழம் எத்தனை கிலோமீட்டர் என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் வந்து அந்த ஆழத்தில் ஒரு நூல் முடிச்சுப் போட்டு, ஊர் பெயரும் தேதியும் எழுதிய சிறு சீட்டைக் கட்டுகிறார்கள். பெரும்பாலான முடிச்சுகள் முதல் சில சென்டிமீட்டரிலேயே நெருக்கிக்கொண்டிருக்கின்றன. பிஜி, டோங்கா பக்கம் வருபவை மட்டும் சில நேரம் 60 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கும். 70ஐத் தாண்டி நிலநடுக்கம் ஏறக்குறைய வருவதே இல்லை. ஏன் அங்கே நின்றுவிடுகிறது என்று நாலாவது வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டிருக்கிறாள். அவள் நோட்டில் மூன்றாவது பத்தி இன்னும் காலியாக இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை அதற்குத்தான்.